வெறுங்கையில் விழுந்த அருள்



இறையருள் என்றதும் நோய் நீங்குவதையும், பிள்ளை தேர்வில் சித்தியடைவதையும், வெளிநாட்டுப் பயணம் கைகூடுவதையுமே நாம் எண்ணுகிறோம். புனித பவுல் வேறொன்றைக் கற்றார். தம் உடலில் தைத்த முள்ளை அகற்றுமாறு அவர் மும்முறை வேண்டினார். முள் அகலவில்லை, அதைத் தாங்கும் அருளே கிடைத்தது (2 கொரி 12:7-10). இவ்வுண்மையை நம் யாழ்ப்பாண மண்ணில் வாழ்ந்து காட்டியவர் புனித யோசப் வாஸ் அடிகளார்.

1651இல் கோவாவில் பிறந்த அவர், 1676இல் குருவானார். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்தனர். ஆயனின்றித் தவித்த நம் முன்னோரைத் தேடி, கூலியாள் கோலத்தில் 1687இல் அடிகளார் இங்கு வந்தார். வந்ததும் கடும் வயிற்றுளைவு அவரை வீழ்த்தியது. தொற்றுக்கு அஞ்சி ஊருக்கு வெளியே கிடத்தப்பட்டவரை, ஒரு பெண் கொணர்ந்த கஞ்சியே காத்தது என்கிறது அவரது வரலாறு. அருளடையாளங்களை வழங்க வந்தவர் முதலில் கஞ்சிக்குக் கையேந்தினார்!

உடல் தேறியதும், கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாய் இரந்து சென்றார். அதைக் கண்டு முகம் மலர்ந்தோரைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் தந்தனர். 1689 நத்தார் இரவில், திருப்பலிக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். அடிகளார் தப்பினார், மக்கள் துன்புற்றனர். அப்போது அருள் எங்கே போயிற்று? தண்டனைக்கு உள்ளாகியும் விசுவாசத்தை மறுதலியாது நின்றோரின் உறுதியில் அது இருந்தது.

1692இல் கண்டி சென்ற அடிகளார், போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1697இல் அங்கு பெரியம்மை பரவியபோதோ, உறவினரும் கைவிட்ட நோயாளரைத் தேடிச் சென்று பேணினார். இறந்தோரை அடக்கம் செய்தார். யாழ்ப்பாணத்தில் தாம் பெற்றதையே கண்டியில் வழங்கினார். 1711 ஜனவரி 16ஆம் நாள் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்பானவர்களே, போரும் இடப்பெயர்வும் நம் கைகளையும் வெறுமையாக்கியதுண்டு. மன்றாடியும் அகலாத முள் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். அதனால் இறைவன் கைவிட்டார் என எண்ணாதீர்கள். இவ்வாரம், நோயுற்றுத் தனித்திருக்கும் அயலவர் ஒருவருக்கு உணவு கொண்டுசெல்லுங்கள். உங்களுக்குத் தேவை வரும் நாளில், பிறர் தருவதை வெட்கமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் அருளின் வழிகளே.