அல்போன்ஸ் பேர்ட்டியோன் (1853 – 1914)
மனிதரை அடையாளங் காண்பதற்கு உடலை அளந்தவர்

இன்று ஒருவரின் கண்ணைக் கமரா படம் பிடித்ததும், அவர் யார் என்பதைக் கணினி சில விநாடிகளில் காட்டிவிடுகின்றது. கண்மணியைச் சுற்றி நிறமுள்ள வளையமாக அமைந்திருக்கும் கதிராளியே இதற்கு உதவுகின்றது. கணினி தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கதிராளியின் நிறத்தை வகைப்படுத்திப் பொலிஸ் பதிவுகளிற் சேர்த்தவர் பிரான்சு நாட்டவரான அல்போன்ஸ் பேர்ட்டியோன் ஆவார். அவரது வாழ்வில் உலகம் போற்றிய வெற்றியும் உண்டு. குற்றமற்ற ஒருவரைச் சிறைக்கு அனுப்பத் துணைபோன தவறும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்தே அவரது வரலாற்றைக் கற்றல் வேண்டும்.

1. இளமைக் காலம்

பேர்ட்டியோன் 1853 இல் பரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் லூயி அடோல்ப் பேர்ட்டியோன் வைத்தியராகவும் புள்ளிவிபரவியல் அறிஞராகவும் விளங்கினார். மூத்த சகோதரரான ஜாக், மரணத்துக்கான காரணங்களை வகைப்படுத்தும் முறையை உருவாக்கிப் புகழ்பெற்றார். அளத்தலும் எண்ணலும் வகைப்படுத்தலும் அக்குடும்பத்தின் அன்றாடப் பேச்சாக இருந்தன.

ஆனால் அல்போன்ஸ் பாடசாலையிற் சிறந்து விளங்கவில்லை. ஒழுங்கீனம் காரணமாகப் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் பிரித்தானியாவிற் சில காலம் ஆசிரியராகவும், தாய்நாட்டில் இராணுவத்திலும் பணியாற்றினார். 1879 இல் தந்தையாரின் செல்வாக்கினால் பரிஸ் பொலிஸ் தலைமையகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. கைதானவர்களின் விபரங்களை அட்டைகளில் எழுதுவதே அவரது பணியாகும்.

2. அவர் கண்ட பிரச்சினை

முற்காலத்தில் பிரான்சில் குற்றவாளிகளின் உடலிற் பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் குறி சுடப்பட்டது. இக்கொடிய வழக்கம் 1832 இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர், முன்பு தண்டனை பெற்ற ஒருவர் பெயரை மாற்றிக் கூறினால் அவரை இனங்காண்பது கடினமாயிற்று. பதிவட்டைகளில் நடுத்தர உயரம், சாதாரண முகம் என்றவாறே எழுதப்பட்டிருந்தது. இவ்விபரங்கள் ஆயிரக்கணக்கானோருக்குப் பொருந்தின. நிழற்படங்கள் இருந்தபோதிலும் அவை ஒழுங்கின்றிக் குவிந்து கிடந்தன. பெயர் தெரியாத ஒருவரின் படத்தை அக்குவியலில் எவ்வாறு தேடுவது என்பதே பேர்ட்டியோனின் மனதில் எழுந்த வினாவாகும்.

3. உடல் அளவீட்டு முறை

வளர்ந்தோரின் எலும்புகளின் அளவு ஏறக்குறைய மாறாதிருக்கும் என்பதையும், எல்லா அளவுகளும் ஒத்த இருவரைக் காண்பது அரிது என்பதையும் அவர் அடிப்படையாகக் கொண்டார். உயரம், விரித்த கைகளின் நீளம், தலையின் நீள அகலம், நடுவிரல், இடது பாதம், முழங்கை முதல் விரல் நுனி வரையான நீளம் உட்பட 11 அளவுகளைப் பெற்றார்.

அவரது உண்மையான திறமை அளந்ததிலன்றி, அடுக்கியதிலேயே வெளிப்பட்டது. ஒவ்வோர் அளவையும் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரித்தார். எடுத்துக்காட்டாக, 5 அளவுகளை இவ்வாறு பிரித்தால் 3×3×3×3×3 = 243 பிரிவுகள் கிடைக்கும். கைதானவரை அளந்தவுடன் உரிய இழுப்பறையைத் திறந்து, அதிலுள்ள சில அட்டைகளை மட்டும் பார்த்தாற் போதுமானது.

4. கதிராளியின் இடம்

கண்ணின் நிறத்தைக் குறிக்கும் அன்றாடச் சொற்கள் தெளிவற்றவை என்பதைப் பேர்ட்டியோன் உணர்ந்தார். ஆகவே இடது கண்ணின் கதிராளியைக் கவனித்து, அதிலுள்ள மஞ்சள், செம்மஞ்சள், கபில நிறப்பொருள்களின் அளவுக்கேற்ப 7 வகுப்புகளாகப் பிரித்தார். மேற்கூறிய 243 பிரிவுகளையும் இவ்வகுப்புகளாற் பிரித்தால் 1701 பிரிவுகள் கிடைக்கும். உடல் மெலியலாம், தாடி வளர்க்கலாம். கதிராளியின் நிறத்தை அக்காலத்தில் எவராலும் விரும்பியவாறு மாற்ற முடியாது. இதுவே அதன் சிறப்பாகும்.

5. வெற்றி

மேலதிகாரிகள் தொடக்கத்தில் அவரது கருத்தைப் பொருட்படுத்தவில்லை. 1882 இன் இறுதியில் மூன்று மாதப் பரீட்சார்த்தத்துக்கு அனுமதி கிடைத்தது. 1883 பெப்ரவரியில், பொய்ப்பெயர் கூறிய பழைய குற்றவாளி ஒருவர் அளவுகளின் மூலம் முதன்முறையாக இனங்காணப்பட்டார். 1884 இல் மட்டும் 241 பேர் இவ்வாறு அடையாளங் காணப்பட்டனர். இம்முறை ஐரோப்பிய நாடுகளுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் பிரித்தானிய இந்தியாவுக்கும் பரவியது. முகத்தை நேராகவும் பக்கவாட்டாகவும் ஒரே அளவிற் படம் பிடிக்கும் வழக்கத்தை ஒழுங்குபடுத்தியவரும் இவரே.

6. முறையின் குறைபாடுகள்

ஒருவரை இரு அலுவலர் அளக்கும்போது சிறு வேறுபாடுகள் ஏற்பட்டன. மேலும், உயரமானவருக்குக் கைகளும் நீளமாகவே இருக்கும் என்பதால் அளவுகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்பதை ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கோல்ற்றன் சுட்டிக்காட்டினார். குற்றம் நிகழ்ந்த இடத்தில் எவரும் தமது உயரத்தை விட்டுச் செல்வதில்லை. விரல் அடையாளத்தை விட்டுச் செல்வதுண்டு. 1897 இல் கல்கத்தாவில் விரல் அடையாளப் பணியகம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து அம்முறை உலகெங்கும் செல்வாக்குப் பெற்றது.

பேர்ட்டியோனும் தமது அட்டைகளில் விரல் அடையாளங்களைச் சேர்த்தார். 1902 இல் கொலையாளி ஒருவரை அவற்றைக் கொண்டே கண்டுபிடித்தார். எனினும் அட்டைகளின் வரிசையை அவர் மாற்றவில்லை. 1911 இல் மோனா லிசா ஓவியம் களவாடப்பட்டபோது திருடனின் விரல் அடையாளம் கண்ணாடியிற் பதிந்திருந்தது. அவனது அட்டை ஏற்கெனவே பொலிசாரிடம் இருந்தும், அது உடலளவின்படி அடுக்கப்பட்டிருந்ததால் கண்டெடுக்க இயலவில்லை. 1913 இல் இத்தாலியில் ஓவியத்தை விற்க முயன்றபோதே அவன் பிடிபட்டான்.

7. டிரேபுஸ் வழக்கு

1894 இல் யூத இராணுவ அதிகாரியான அல்பிரட் டிரேபுஸ் மீது ஜேர்மனிக்கு இரகசியங்களை விற்றதாகக் குற்றஞ் சாட்டப்பட்டது. கிடைத்த கடிதமொன்றின் கையெழுத்தை ஆராயுமாறு பேர்ட்டியோன் கேட்கப்பட்டார். அவர் கையெழுத்து ஆய்வில் நிபுணர் அல்லர். ஆயினும் அது டிரேபுஸ் எழுதியதே என உறுதியாகக் கூறினார். எழுத்துக்கள் வேறுபட்டிருந்தமைக்கு, டிரேபுஸ் தம் எழுத்தைத் தாமே போலியாக மாற்றி எழுதினார் என விளக்கமளித்தார். ஒத்திருந்தாலும் சான்று, வேறுபட்டாலும் சான்று என்றானபின் குற்றஞ் சாட்டப்பட்டவர் தப்புவதற்கு வழியேது?

டிரேபுஸ் பிரெஞ்சுக் கயானாவுக்கு அப்பாலுள்ள பேய்த்தீவிற் சிறைவைக்கப்பட்டு, 1899 வரை அங்கு துன்புற்றார். 1904 இல் ஆன்றி புவன்காரே உட்பட மூன்று கணிதவியலாளர் பேர்ட்டியோனின் கணிப்புகளை ஆராய்ந்து, அவை அறிவியல் அடிப்படையற்றவை என அறிக்கையிட்டனர். 1906 இல் டிரேபுஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

8. மறைவும் பின்வந்த வளர்ச்சியும்

பேர்ட்டியோன் 1914 பெப்ரவரி 13 இற் காலமானார். அதன்பின் உடல் அளவீட்டு முறை வழக்கொழிந்தது. ஆயினும் மாறாத உடற்கூறொன்றைத் தெரிந்து, அதைக் குறியீடாக்கி, தேடத்தக்க வகையில் அடுக்குதல் என்ற அவரது எண்ணம் நிலைத்தது.

1990களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் டோக்மன் கதிராளியை மீண்டும் முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அவர் நோக்கியது நிறத்தையன்று. கதிராளியிலுள்ள நுண்ணிய இழைக்கோலத்தையாகும். இக்கோலம் ஒத்த இரட்டையரிடையேயும், ஒருவரின் இரு கண்களிடையேயும் வேறுபடும். அகச்சிவப்புக் கதிரின் உதவியுடன் படம் பிடித்து, அதனை 0, 1 ஆகிய 2048 இலக்கங்களாக மாற்றி ஒப்பிடுவர். இந்தியாவில் 2010 இல் வழங்கத் தொடங்கிய ஆதார் அடையாள இலக்கத்துக்கும் கதிராளி பதியப்படுகின்றது.

கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் அதைப் பயன்படுத்துவோர் தவறக்கூடும். தமது முடிவு பிழையாக இருக்கலாம் என எண்ணிப் பார்க்காமையே பேர்ட்டியோனின் பெருங்குறையாகும். ஒருவரை இனங்காணும் பொறுப்பை ஏற்போர் அனைவரும் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. பேர்ட்டியோன் பணியில் இணைந்தபோது பழைய குற்றவாளிகளை இனங்காண்பது ஏன் கடினமாக இருந்தது?
2. 4 அளவுகளை மூன்று வகைகளாகவும் கதிராளியை 7 வகுப்புகளாகவும் பிரித்தால் கிடைக்கும் பிரிவுகள் எத்தனை?
3. கதிராளியை பேர்ட்டியோன் பயன்படுத்திய முறைக்கும் இன்றைய முறைக்கும் இடையிலான வேறுபாடு யாது?
4. மோனா லிசா திருட்டில் திருடனின் அட்டை இருந்தும் பயன்படாமற் போனது ஏன்?
5. டிரேபுஸ் வழக்கில் பேர்ட்டியோன் இழைத்த தவறை உமது சொற்களில் விளக்குக.