அன்வருதீன் கான்

அன்வருதீன் கான் (1672 – ஆகஸ்ட் 3, 1749) 1744 முதல் 1749 வரை ஆற்காடு நவாபாக ஆட்சி செய்தவர். ஆற்காடு நவாப்களின் இரண்டாவது மரபான வாலாஜா மரபு இவரிடமிருந்தே தொடங்குகிறது. இவருடைய ஐந்தாண்டு ஆட்சிக் காலத்திலேயே சென்னையை பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர், அடையாற்றுப் போர் நடந்தது, முதலாம் கர்நாடகப் போர் முடிந்து இரண்டாம் கர்நாடகப் போர் தொடங்கியது. ஆம்பூர் அருகே நடந்த போரில் யானை மீதிருந்து போரிட்டபோது இவர் கொல்லப்பட்டார். முகமது அலி கான் வாலாஜா இவருடைய மகன் ஆவார்.

பின்னணி

அக்காலத்தில் கர்நாடகம் எனப்பட்டது இன்றைய கர்நாடக மாநிலம் அன்று. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடைப்பட்ட சமவெளியே அப்பெயரால் அழைக்கப்பட்டது. முகலாயப் பேரரசர் அவுரங்கசீப் 1692-ல் சுல்பிகார் அலி கானை இப்பகுதியின் நவாபாக நியமித்தார். பின்னர் 1710-ல் பொறுப்பேற்ற சாதத்துல்லா கான் பாலாற்றங்கரையிலுள்ள ஆற்காட்டைத் தலைநகராக்கினார். இவர் நவாயத் என்னும் குலத்தைச் சேர்ந்தவர். நவாபின் மேலாளர் ஐதராபாத் நிசாம், நிசாமின் மேலாளர் டில்லிப் பேரரசர் என்பது ஏட்டளவிலான முறை. டில்லியின் வலிமை குன்றியதும் நவாப் பதவி நியமனப் பதவி என்ற நிலையிலிருந்து குடும்பச் சொத்து என்ற நிலைக்கு மாறியது. அன்வருதீன் கானின் வாழ்க்கையில் நேர்ந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் இம்மாற்றமே காரணமாகும்.

சாதத்துல்லா கானுக்குப் பின் 1732-ல் நவாபான தோஸ்த் அலி கான், 1740-ல் தாமல்செருவுக் கணவாயில் ரகோஜி போன்ஸ்லே தலைமையிலான மராட்டியரிடம் தோற்று உயிரிழந்தார். அவருடைய மருமகன் சந்தா சாகிப், ராணி மீனாட்சியிடமிருந்து கைப்பற்றியிருந்த திருச்சிராப்பள்ளியை 1741-ல் மராட்டியரிடம் இழந்து சிறைப்பட்டார். தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலி கான், 1742 அக்டோபரில் வேலூர்க் கோட்டையில் கொலை செய்யப்பட்டார். அவருடைய உறவினரும் வேலூர்க் கோட்டைத் தலைவருமான முர்தசா அலியே இக்கொலைக்குக் காரணமானவர். இரண்டே ஆண்டுகளில் இரு நவாப்களை இழந்த நாட்டை ஒழுங்குபடுத்த, நிசாம் உல் முல்க் ஆசப் ஜா 1743-ல் பெரும்படையுடன் நேரில் வந்தார்.

இளமையும் பணியும்

அன்வருதீன் இன்றைய உத்தரப் பிரதேச மாநிலத்தின் ஹர்தோய் மாவட்டத்திலுள்ள கோபாமவு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஹாஜி முகமது அன்வர். அன்வருதீன் இளமையில் டில்லிக்குச் சென்று முகலாயப் படையில் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்தார். கல்வியும் துணிவும் இவரைப் படிப்படியாக உயர்த்தின.

பின்னர் நிசாம் உல் முல்க்கின் நம்பிக்கைக்குரிய அதிகாரிகளுள் ஒருவரானார். 1725-க்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஏலூர், ராஜமுந்திரி ஆகிய ஆந்திரக் கடற்கரைப் பகுதிகளை ஆண்டார். கடற்கரை வணிகம், வரி வசூல், ஐரோப்பியக் கம்பெனிகள் ஆகியவற்றில் இவருக்கிருந்த பட்டறிவு இக்காலத்திலேயே கிடைத்தது. ஆற்காட்டுக்கு வந்தபோது இவருடைய வயது எழுபதைக் கடந்திருந்தது.

நவாப் பதவி

திருச்சிராப்பள்ளியை மராட்டியரிடமிருந்து மீட்ட நிசாம், குவாஜா அப்துல்லா கானை ஆற்காடு நவாபாக நியமித்தார். அவர் 1744 மார்ச்சில் பதவியேற்கப் புறப்படும் தறுவாயில் திடீரென இறந்தார். அவ்விடத்துக்கு அன்வருதீன் கான் அனுப்பப்பட்டார். ஆயினும் கொலையுண்ட சப்தர் அலியின் மகன் சையது முகமது உயிருடன் இருந்தான். நவாயத் குலத்தவரும் மக்களும் அச்சிறுவனையே உரிமையாளனாகக் கருதினர். எனவே அச்சிறுவன் வளரும்வரை அவனுக்குப் பாதுகாவலராக இருந்து நாட்டை ஆளும் பொறுப்பே அன்வருதீனிடம் முதலில் ஒப்படைக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் மாதம், ஆற்காட்டில் நடந்த ஒரு திருமண விழாவில் அச்சிறுவன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். கொன்றவர்கள் ஊதிய நிலுவை கேட்டுப் பூசலிட்டு வந்த பட்டாணியப் படைவீரர்கள். அவர்கள் அங்கேயே கூட்டத்தினரால் வெட்டப்பட்டனர். விழாவுக்கு வந்திருந்த முர்தசா அலி உடனே தம் படைக்காவலுடன் வேலூருக்குக் குதிரையில் விரைந்தார். மக்களின் ஐயம் இருவர் மீதும் விழுந்தது. தந்தையைக் கொல்வித்தவர் என்பதால் முர்தசா அலி மீதும், சிறுவன் இறந்தால் பதவி தமக்கே நிலைக்கும் என்பதால் அன்வருதீன் மீதும் பழி கூறப்பட்டது. அன்வருதீன் தமக்கு இதில் தொடர்பில்லை என மறுத்ததுடன், எஞ்சிய பட்டாணியர்களை ஆற்காட்டிலிருந்து வெளியேற்றினார். நிசாம் அவரை நவாபாக உறுதி செய்தார்.

எனினும் அக்கொலையின் நிழல் அவருடைய ஆட்சியை விட்டு அகலவில்லை. சாதத்துல்லா கானின் மரபினரே முறையான ஆட்சியாளர் என்ற எண்ணம் கோட்டைத் தலைவர்கள் பலரிடம் நிலைத்திருந்தது. அம்மரபின் மருமகனான சந்தா சாகிப் பின்னாளில் நாட்டுக்குள் நுழைந்தபோது அவருக்கு ஆதரவு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐரோப்பியருடன் உறவு

ஐரோப்பாவில் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரில் பிரித்தானியாவும் பிரான்சும் 1744-ல் எதிரெதிராக இறங்கின. அப்போர் சோழமண்டலக் கரைக்கும் பரவியது. 1745-ல் ஆங்கிலேயக் கப்பற்படை வந்தபோது, வலிமை குறைந்திருந்த புதுச்சேரி ஆளுநர் டூப்ளே நவாபின் உதவியை நாடினார். தம் ஆட்சிப் பகுதிக்குள் பிரெஞ்சுக்காரர் மீது போர் தொடுக்கக் கூடாது என அன்வருதீன் ஆங்கிலேயருக்கு ஆணையிட்டார். சென்னை ஆங்கிலேயர் அவ்வாணைக்குக் கட்டுப்பட்டனர். கம்பெனிகள் தம் நிலத்தில் தங்கி வணிகம் செய்யும் குடிகளே என்பது நவாபின் நிலைப்பாடு.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழானது. 1746 செப்டம்பரில் லபூர்தொனே தலைமையிலான பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. இப்போது ஆங்கிலேயர் நவாபிடம் முறையிட்டனர். சென்னையைப் பிடித்ததும் நவாபிடம் ஒப்படைப்பதாக வாக்களித்து டூப்ளே அவரை அமைதிப்படுத்தினார். சென்னை செப்டம்பர் 21 அன்று பணிந்தது. ஆனால் வாக்கு நிறைவேற்றப்படவில்லை. தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த அன்வருதீன், மூத்த மகன்களுள் ஒருவரான மாபூஸ் கானைச் சுமார் 10,000 பேர் கொண்ட படையுடன் சென்னைக்கு அனுப்பினார்.

அடையாற்றுப் போர்

மாபூஸ் கான் சென்னைக் கோட்டையைச் சூழ்ந்து அதற்கான குடிநீர் வழியை அடைத்தார். நவம்பர் 2 அன்று கோட்டையிலிருந்து வெளியே வந்த சிறு பிரெஞ்சுப் படை, விரைந்து சுடும் களப் பீரங்கிகளால் முற்றுகையைக் கலைத்தது. நவாபின் பீரங்கிகள் ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுட நெடுநேரம் எடுத்துக்கொள்பவை. பிரெஞ்சுப் பீரங்கிகளோ ஒரு நிமிடத்துக்குள் பலமுறை சுட்டன. இத்தகைய வேகத்தை ஆற்காட்டுக் குதிரைப்படை அதற்குமுன் கண்டதில்லை.

மாபூஸ் கான் பின்வாங்கிச் சாந்தோமில் தங்கி, புதுச்சேரியிலிருந்து வரும் துணைப்படையைத் தடுக்க அடையாற்றின் வடகரையில் படையை நிறுத்தினார். நவம்பர் 4, 1746 அன்று பரடிஸ் என்னும் தளபதி ஏறத்தாழ 230 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள் ஆகியோருடன் ஆற்றை நடந்தே கடந்து தாக்கினார். நவாபின் படை சாந்தோம் தெருக்களில் நெருக்குண்டு சிதறி ஆற்காட்டை நோக்கி ஓடியது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் அவர்களுடைய ஏடுகளில் இப்போர் 11 நாட்கள் முந்தி, அக்டோபர் 24 எனக் குறிக்கப்பட்டுள்ளது.

எண்ணிக்கையில் மிகச் சிறிய, ஆனால் பயிற்சியும் ஒழுங்கும் உடைய படை, பெரிய இந்தியப் படையை வெல்ல முடியும் என்பதை இப்போர் வெளிப்படுத்தியது. இதன் பிறகு ஐரோப்பியப் படைகளைக் கூலிக்கு அமர்த்த இந்திய அரசர்களும், அதன் வழியாக அரசியலில் தலையிடக் கம்பெனிகளும் முனைந்தன.

தோல்விக்குப் பின்னர் நவாப் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார். 1746 டிசம்பரில் கடலூர் புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் தாக்க வந்தபோது, மாபூஸ் கானும் முகமது அலியும் எதிர்பாராது பாய்ந்து அவர்களைப் பின்வாங்கச் செய்தனர். ஆனால் போர்ச் செலவு நவாபின் கருவூலத்துக்குச் சுமையாயிற்று. 1747 தொடக்கத்தில் அவர் டூப்ளேயுடன் சமாதானம் செய்துகொண்டார். 1748-ல் பாசுகோவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது மீண்டும் ஆங்கிலேயருக்குச் சிறு குதிரைப்படை ஒன்றை அனுப்பினார். முற்றுகை தோல்வியுற்றது. அதே ஆண்டு எக்ஸ் லா சப்பேல் உடன்படிக்கையின்படி போர் முடிவுக்கு வந்தது. சென்னை 1749-ல் ஆங்கிலேயரிடம் திரும்பியது.

ஆம்பூர்ப் போர்

1748-ல் நிசாம் உல் முல்க் இறந்தார். அவருடைய மகன் நாசிர் ஜங், மகள்வழிப் பேரன் முசாபர் ஜங் ஆகிய இருவரும் நிசாம் பதவிக்குப் போட்டியிட்டனர். அதே சமயத்தில் மராட்டியரின் காவலிலிருந்து விடுபட்ட சந்தா சாகிப், முசாபர் ஜங்குடன் சேர்ந்தார். ஒருவருக்கு ஐதராபாத், மற்றவருக்கு ஆற்காடு என்பது அவர்களின் திட்டம். அமைதிக் காலத்தில் வேலையற்றிருந்த படையை இதில் ஈடுபடுத்த டூப்ளே முடிவு செய்தார். தளபதி தோத்தெயில் தலைமையில் சுமார் 400 பிரெஞ்சு வீரரும் 2,000 சிப்பாய்களும் அவர்களுடன் இணைந்தனர். கூட்டுப் படையின் மொத்த அளவு சுமார் 40,000 ஆகும்.

மேட்டு நிலமான மைசூர்ப் பக்கத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் முக்கிய வழிகளுள் ஒன்று பாலாற்றுப் பள்ளத்தாக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு ஆகிய ஊர்கள் இவ்வழியில் அமைந்தவை. இன்று தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற இவ்வூர்களை இணைக்கும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையும் தொடர்வண்டிப் பாதையும் பெரும்பாலும் அப்பழைய படைவழியையே பின்பற்றுகின்றன. மலைகள் நெருங்கிப் பள்ளத்தாக்கு ஒடுங்கும் இடத்தில், ஆம்பூர் மலைக்கோட்டைக்கு அருகே, அன்வருதீன் சுமார் 20,000 வீரருடன் அரண் அமைத்துக் காத்திருந்தார். ஒருபுறம் மலையும் மறுபுறம் ஏரியும் அவருக்குக் காப்பாக இருந்தன.

ஆகஸ்ட் 3, 1749 அன்று போர் நடந்தது. பிரெஞ்சுப் படையின் முதல் இரண்டு தாக்குதல்களையும் நவாபின் படை முறியடித்தது. தோத்தெயில் தொடையில் குண்டடி பட்டார். மூன்றாம் தாக்குதலில் அரண் உடைந்தது. படை பின்வாங்கத் தொடங்கியபோதும் அன்வருதீன் களத்தை விட்டு அகலவில்லை. சந்தா சாகிப்பின் யானையைக் கண்டு, அதை நோக்கித் தம் யானையைச் செலுத்துமாறு பாகனுக்கு ஆணையிட்டார். நெருங்கும் வேளையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து யானை மீதிருந்து விழுந்து இறந்தார். மாபூஸ் கான் சிறைபிடிக்கப்பட்டார். முகமது அலி தப்பித் திருச்சிராப்பள்ளியை அடைந்தார்.

ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம், இறந்தபோது நவாபுக்கு வயது 107 என எழுதியுள்ளார். பிறந்த ஆண்டு 1672 எனக் கொண்டால் அவருடைய வயது 77 ஆகிறது.

பின்விளைவுகள்

வெற்றி பெற்றவர்கள் ஆற்காட்டைக் கைப்பற்றினர். சந்தா சாகிப் நவாபாக அறிவிக்கப்பட்டார். ஆனால் போட்டியாளர் எவரும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. நாசிர் ஜங் 1750 டிசம்பரிலும், முசாபர் ஜங் 1751 பிப்ரவரியிலும், சந்தா சாகிப் 1752 ஜூனிலும் கொல்லப்பட்டனர். ஆங்கிலேயரின் உதவியை நாடிய முகமது அலியே எஞ்சினார். அவருக்காகவே ராபர்ட் கிளைவ் 1751-ல் ஆற்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கினார். 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை முகமது அலியை நவாபாக ஏற்றது.

அவ்வுதவிக்கான விலை பெரிதாக இருந்தது. போர்ச் செலவுக்காக வாங்கிய கடனுக்கு ஈடாக வரி வசூல் உரிமைகள் படிப்படியாகக் கம்பெனியின் கைக்குச் சென்றன. 1801-ல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனி வசமானது. 1855-ல் நவாப் பட்டமும் ஒழிக்கப்பட்டது. பின்னர் இக்குடும்பத்தினருக்கு ஆற்காடு இளவரசர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது.

குடும்பம்

அன்வருதீனுக்கு பத்ருல் இஸ்லாம் கான், மாபூஸ் கான், முகமது அலி கான், அப்துல் வகாப் கான், நஜிபுல்லா கான் என ஐந்து ஆண்மக்கள் இருந்தனர். மாபூஸ் கான் விடுதலைக்குப் பின் 1755-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரி வசூலுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் தம் தம்பியான நவாபுக்கு எதிராகத் திரும்பி, பூலித்தேவன் முதலான பாளையக்காரர்களுடன் சேர்ந்தார். நஜிபுல்லா கான் நெல்லூர்ப் பகுதியை நிர்வகித்தார்.

மதிப்பீடு

அன்வருதீனின் அரசியலை மாறி மாறிப் பக்கம் சாய்ந்த நிலையற்ற அரசியல் என ஐரோப்பிய எழுத்தாளர் சிலர் குறைகூறினர். ஆனால் இரு கம்பெனிகளுள் எதுவும் மற்றதை முற்றிலும் விழுங்கிவிடாமல் பார்ப்பது, கடலில் படையில்லாத ஓர் ஆட்சியாளருக்குக் கிடைத்த ஒரே வழியாக இருந்தது. 1745 வரை அவருடைய ஆணை கடற்கரையில் மதிக்கப்பட்டது. அடையாற்றுப் போருக்குப் பின் அம்மதிப்பு குலைந்தது. நவாபின் அனுமதியை நாடிய நிலையிலிருந்து நவாப்களை உருவாக்கும் நிலைக்குக் கம்பெனிகள் மூன்றே ஆண்டுகளில் வந்தடைந்தன.

நூல்களில்

அன்வருதீனின் வாழ்வையும் போர்களையும் அப்ஜதி என்னும் கவிஞர் அன்வர்நாமா என்ற பாரசீகக் காவியமாகப் பாடியுள்ளார். புர்கான் இப்னு ஹசன் எழுதிய துசுக்-இ-வாலாஜாகி இம்மரபின் வரலாற்றைக் கூறும் பாரசீக நூல். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகமது உசேன் நயினார் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இவ்விரண்டும் அரச குடும்பத்தின் பார்வையில் எழுதப்பட்டவை. டூப்ளேயின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு, இதே நிகழ்ச்சிகளைப் புதுச்சேரியிலிருந்து அன்றாடம் பதிவு செய்ததால், அன்வருதீனின் ஆட்சிக் காலத்தை அறிய உதவும் முதன்மையான தமிழ்ச் சான்றாக விளங்குகிறது.