39 வருஷம் காத்திருந்த மருந்து

லேபில் நாள் பூரா நின்றும் ரிசல்ட் வரலையேன்னு சோர்ந்து போகும் தம்பி தங்கைகளே, நாகாய் நாகாயோஷியின் கதையைக் கேளுங்க.

ஜப்பானில் தொகுஷிமா ஊர் வைத்தியரின் மகன். 1871-ல் அரசு அவரை ஜெர்மனிக்கு அனுப்பியது. பெர்லினில் பேராசிரியர் ஹாஃப்மனிடம் சேர்ந்ததும் மனசு கரிம வேதியியலில் ஒட்டிக்கொண்டது. தாயகம் திரும்பி, 1885-ல் மா ஹுவாங் மூலிகையிலிருந்து எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார்.

அன்று அது கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து, அவ்வளவுதான்! 1924-ல் பீக்கிங்கில் சென், ஷ்மிட் இருவரும் அது அட்ரினலின் போலவே வேலை செய்வதைக் காட்டினர். அதிலும் ஒரு வசதி: ஊசி வேண்டாம், வாயால் விழுங்கினாலே போதும். ஆஸ்துமாக்காரர்களின் இறுகிய மூச்சுக்குழாய் தளர்ந்தது. எஃபெட்ரின் உலகமெங்கும் போனது. முதுமையில் இதைப் பார்த்துவிட்டு, 1929-ல் நாகாய் கண்மூடினார்.

பிற்பாடு சால்பியூட்டமால் போன்றவை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. போகட்டும். இன்றைய ரிசல்ட்டை நோட்டில் ஒழுங்கா எழுதி வையுங்க; அது யாருக்கு மூச்சாகும்னு இப்பவே யாரால் சொல்ல முடியும்?