மலைப்பாடல்களை ஏட்டில் ஏற்றிய லின்டெமான்

ஒஸ்லோவின் நடுவே நிற்கும் பேராலயத்தை நாம் எத்தனையோ தடவை கடந்து சென்றிருப்போம். அங்கே 1840 முதல் தாம் இறக்கும் வரை ஓர்கன் வாசித்தவர் லுட்விக் மத்தியாஸ் லின்டெமான். நோர்வே மக்களின் நாட்டார் பாடல்கள் அழியாது எஞ்சியதற்குப் பெரிதும் காரணமானவர் இவரே. தமிழ் கற்கும் நம் மாணவச் செல்வங்கள் இவர் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

லின்டெமான் 1812ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் ட்ரொன்ஹைம் நகரிற் பிறந்தார். தந்தையாரும் ஆலய ஓர்கன் கலைஞரே. பன்னிரண்டு வயதிலேயே தந்தையாருக்குப் பதிலாக மைந்தன் ஆலயத்தில் வாசித்ததுண்டு. 1833இல் இறையியல் கற்கவென ஒஸ்லோவுக்கு வந்தார். அன்று இந்நகரின் பெயர் கிறிஸ்தியானியா. வந்தவரை இசை விடவில்லை. நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் செலோ வாசித்தார்; பின்னர் தமையனாரின் இடத்தில் பேராலயப் பணியை ஏற்றார். இறையியற் படிப்பு அத்தோடு நின்றது.

நோர்வே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக டென்மார்க்குடன் இணைந்திருந்து 1814இல் பிரிந்த நாடு. பிரிந்த பின்னும் எழுத்துமொழி டேனிய மொழியாகவே இருந்தது. பட்டினத்துக் கற்றோர் கிராமத்துப் பாடல்களைப் பொருட்படுத்தவில்லை. கற்றோர் கைவிட்டதைக் குடியானவர்களும் கால்நடை மேய்த்த பெண்களும் நாவிலே காத்து வைத்திருந்தனர்.

1848இல் பல்கலைக்கழகம் அளித்த உதவிப்பணத்துடன் லின்டெமான் வல்ட்ரெஸ் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டார். தெலமார்க், ஹர்டாங்கர் முதலிய பகுதிகளுக்குப் பின்னாளிற் சென்றார். அக்காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஏது? ஒருவர் பாடப் பாடக் காதினாற் கேட்டு, இசைக்குறியீடாகத் தாளில் எழுதவேண்டும். தாலாட்டு, மாடழைக்கும் பாட்டு, வீரக்கதைப் பாட்டு, ஆடலிசை யாவற்றையும் எழுதினார்.

இதே காலத்திற் பிரான்சிலும் இவ்வெண்ணம் எழுந்தது. நாடெங்குமுள்ள மக்கட் பாடல்களைத் திரட்டுமாறு 1852 செப்டம்பரில் அரசாணையே பிறந்தது. கல்வி அமைச்சர் போர்த்தூலின் பொறுப்பில் ஊரூராகப் பாடல்கள் வந்து குவிந்தன. ஆயினும் திட்டமிட்ட பெருநூல் அச்சேறவில்லை. அவை கையெழுத்துத் தொகுதிகளாகப் பாரிசின் தேசிய நூலகத்திற் தங்கின. 1860இல் பாரிசில் ஸ்கொட் த மார்த்தன்வில் என்பவர், நிலவொளியைப் பற்றிய பிரெஞ்சுச் சிறுவர் பாடலொன்றைத் தாமே பாடி, அவ்வொலியைப் புகைக்கரி பூசிய தாளிற் கோடுகளாகப் பதித்தார். அக்கோடுகளைத் திரும்ப ஒலியாக்கிக் கேட்க உலகம் 2008 வரை காத்திருந்தது!

லின்டெமானோ காத்திருக்கவில்லை. 1853 முதல் 1867 வரை தமது மலைப்பாடல் தொகுப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் ஐந்நூறுக்கு மேற்பட்ட மெட்டுகள் உள்ளன. அவற்றுக்குப் பியானோப் பக்க இசையும் அமைத்தார். பாடியவர்களின் நுண்ணிய சுர வேறுபாடுகளை அவ்விசைக்கு ஏற்ப நேராக்கிவிட்டார் என்று பின்வந்தோர் குறை கூறினர். அக்குறையில் உண்மையுண்டு. எனினும் குறையின்றி எழுதக்கூடியவர் வரும்வரை பாடிய முதியோர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்களே!

நம் வீடுகளை எண்ணிப் பார்க்கின்றோம். தாலாட்டை முழுதாகப் பாடத் தெரிந்தவர் பல குடும்பங்களில் அம்மம்மாவோ அப்பம்மாவோ மட்டுமே. நமக்கு இரண்டடி வரும், மூன்றாவது அடியில் தடுமாறுவோம். யாழ்ப்பாணத்து நாட்டார் பாடல்களை வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் தேடித் தொகுத்தார். அவர் செல்லாத வீட்டுப் பாடல்களை யார் எழுதி வைத்திருக்கின்றனர்?

லின்டெமானின் ஏடுகளைத் திறந்து பார்த்தவர்களுள் ஒருவர் எட்வர்ட் கிரீக். தமது பதினேழாம் படைப்பான 25 நோர்வீஜியப் பாடல்களையும் ஆடல்களையும் அத்தொகுப்பிலிருந்தே அமைத்தார். அவரது புகழ்மிக்க பியானோப் பலாட்டின் அடிப்படை மெட்டும் லின்டெமான் வல்ட்ரெசில் எழுதிக்கொண்டதே. மலையகக் குடியானவனின் பாட்டு இவ்வாறுதான் உலக அரங்குகளை எட்டிற்று.

1871இல் இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தின் புதிய ஓர்கனை வாசிக்க லின்டெமானும் அழைக்கப்பெற்றார். அவ்வாண்டு அங்கு வாசித்தவர்களுட் பிரெஞ்சு மேதை சேன்-சான்சும் ஆஸ்திரிய மேதை புரூக்னரும் அடங்குவர். 1883இல் தம் மகன் பீட்டருடன் ஓர்கன் பயிலும் பள்ளியொன்றை இந்நகரில் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஒஸ்லோவின் இசைக் கல்லூரியாயிற்று. 1973இல் நோர்வே இசை உயர்கல்விக்கழகம் அதன் வழிவந்தது.

1887 மே 23 அன்று அவர் இந்நகரிலேயே காலமானார். மையோர்ஸ்துவாவிலுள்ள அவ்வுயர்கல்விக்கழகத்தின் அரங்கொன்று இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. மலையூர்களில் அவர் எழுதிய கையேடுகள் ஒஸ்லோ தேசிய நூலகத்தில் இருக்கின்றன.