கியர் கம்பியைப் பிடிக்கும் முன்: ஜி.டி. நாயுடு

பெரம்பலூர்ல இருந்து துறையூர் பஸ் ஏறி குரும்பலூர் பக்கம் போயிருக்கீங்களா? அடுத்த முறை டிரைவர் பக்கத்து சீட்டில் உட்காருங்க. கியர் போடும்போது அவர் கையைப் பாருங்க. கம்பியை முரட்டுத்தனமாக இழுக்கும் டிரைவரும் உண்டு, இரண்டு விரலால் தள்ளுகிறவரும் உண்டு. ஒரே மாடல் பஸ்தான், ஆனால் யாருடைய கியர்பாக்ஸ் முதலில் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்னு நமக்கே தெரிந்துவிடும்.

இந்த வித்தியாசம் நன்றாகப் புரிந்த ஒரு மனிதரின் கதைதான் இது. எடிசன் பெயரோடு சேர்த்து நாம் கேள்விப்பட்ட கோவை ஜி.டி. நாயுடு.

1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒருநாள் ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு இல்லாமல் குதிரை இல்லாமல் ஓடுகிற அந்த வண்டி அவரைத் தூங்கவிடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சில ஆண்டுகள் காசு சேர்த்து அதேபோல ஒரு வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? ஊர் சுற்றவில்லை. வண்டியை முழுசாகப் பிரித்துப் போட்டார், பிறகு திரும்ப மாட்டினார். அவருக்கு அதுதான் முதல் செமஸ்டர்.

இடையில் பருத்தி வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு போக்குவரத்துத் தொழிலில் இறங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார்.

இங்கே கொஞ்சம் நம்ம சப்ஜெக்ட். சிங்க்ரோமெஷ் காரில் வந்ததே 1928-ல், அமெரிக்காவின் கேடிலாக்கில்தான். ஆக, நாயுடு ஓட்டிய பஸ்ஸில் அது இருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டியது டிரைவரின் காலும் காதும்தான். கீழ் கியருக்கு வர கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவரணும், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டர் கொடுக்கணும், மறுபடி மிதித்து கியர் போடணும். கணக்கு தப்பினால் பல்லோடு பல் மோதி கரகரன்னு சத்தம் வரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே கொஞ்சம் இரும்பு தேயும். ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பிழைக்கிறவருக்கு அது சோற்றில் விழும் அடி.

அந்த ஒரு பஸ், யு.எம்.எஸ் என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. அடுத்து மோட்டார், ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று அவர் கைவைக்காத பொருள் குறைவு. 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரையும் உருவாக்கினார். அரசு லைசென்ஸ் கிடைக்காததால் அது தெருவுக்கு வரவே இல்லை.

நம்மைத் தொடும் இடம் இதுதான்: 1945-ல் அவர் முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி வந்தது. அதுதான் இன்றைய ஜி.சி.டி. கோவையில் 'ஹோப் காலேஜ்' என்ற ஸ்டாப் இன்னும் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. பொறியியலுக்கு நான்கு வருடம் வீண், இரண்டு வருடம் போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். நாம் அதே நான்கு வருடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். இதில் எத்தனை நாள் ஒரு கியர்பாக்ஸைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

நம்மில் சிலர் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியதும் முதலில் தேடுவது ஷார்ட் ஷிஃப்டர். கம்பி நகரும் தூரம் குறையும், கை 'டக்'னு விழும், உண்மைதான். ஆனால் நெம்புகோல் தத்துவம் ஏழாம் வகுப்பில் படித்ததுதானே? தூரம் குறைந்தால் தேவைப்படும் விசை கூடும். நீங்க அவசரப்பட்டால் அந்த விசை ஷிஃப்ட் ஃபோர்க்கிலும் சிங்க்ரோ ரிங்கிலும் இறங்கும். வேகத்தைச் சமப்படுத்த ரிங்குக்குக் கிடைக்கும் நேரமும் குறையும். நல்ல ஷிஃப்டர்களில் கம்பி அளவுக்கு மீறிப் போகாமல் தடுக்கும் ஸ்டாப் போல்ட் இருக்கும். அதைச் சரியாக செட் பண்ணினால் ஃபோர்க் பிழைக்கும். தப்பாக செட் பண்ணினால் கியர் முழுசாக விழாமல் பாதியில் கழன்று வரும். குறை பொருளில் இல்லை, உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாமல் மாட்டுவதில்தான்.

நாயுடு 1974 ஜனவரி 4-ல் மறைந்தார். கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரைச் சொல்லும் ஜி.டி கார் மியூசியம் இருக்கிறது. லீவில் அந்தப் பக்கம் போனால் பழைய வண்டிகளின் கியர் கம்பிகளைக் கவனிங்க.

அதுக்கும் முன்னாடி, நம்ம ஊர் மெக்கானிக் ஷெட்டில் ஒருநாள் நில்லுங்க. கழற்றிப் போட்ட கியர்பாக்ஸ் ஒன்று நிச்சயம் கிடக்கும். தேய்ந்த சிங்க்ரோ ரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஷிஃப்டரை ஆர்டர் பண்ணுங்க.