கேஸ்கரும் கொழும்பு வானொலியும்

பொதுவாழ்வில் புகழ் பெற்றோருட் பெரும்பாலோர் தாம் ஆக்கிய செயல்களால் நினைக்கப்படுகின்றனர். தாம் தடுத்த ஒன்றினால் நினைக்கப்படுவோர் மிகச் சிலரே. டாக்டர் பாலகிருஷ்ண விஸ்வநாத கேஸ்கர் அச்சிலருள் ஒருவர். 1952 முதல் 1962 வரை பத்தாண்டுக் காலம் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக விளங்கிய அவர், தம் நாட்டு வானொலியில் திரைப்படப் பாடல்களுக்கு வாயிலை அடைத்தார். அவர் அடைத்த வாயில் கொழும்பிலே திறந்தது. திறந்த வாயிலின் வழியே வந்த இசையைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தமிழகச் சிற்றூர்களும், மட்டக்களப்பு வாவியை அடுத்த கிரான் போன்ற நம் ஊர்களும் ஒருங்கே கேட்டு மகிழ்ந்தன. ஆதலின், மராட்டிய நாட்டில் தோன்றிய அப்பெருமகனின் வாழ்வு நமக்குச் சிறிதும் தொடர்பற்றதன்று.

கேஸ்கர் 1903ஆம் ஆண்டு புனே நகரிற் பிறந்தார். தேசிய இயக்கத்தின் கல்விச்சாலையாகிய காசி வித்தியாபீடத்திற் பயின்று, பின்னர் பாரிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். காங்கிரஸ் மகாசபையிற் பொறுப்பான பதவிகளை வகித்தார். விடுதலைக்குப் பின் வெளிநாட்டமைச்சின் துணை அமைச்சரானார். அரசியல்வாதிகளிடத்தே அரிதாகக் காணப்படும் மற்றொரு தகுதியும் அவருக்கு இருந்தது. வட இந்திய இசை வகைகளுள் மிகப் பழையதெனப் போற்றப்படும் துருபதத்தை அவர் முறையாகக் கற்றிருந்தார். இசையறியாத ஒருவர் வானொலியின் தலைமையை ஏற்றிருந்தால், பின்னர் நிகழ்ந்த நன்மையும் நிகழ்ந்திராது, தீமையும் நிகழ்ந்திராது.

அவர் கைக்கு வந்த வானொலி எத்தகையது? 1927இல் பம்பாயிலே தனியார் கம்பெனி ஒன்று இந்தியாவில் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மூன்றாண்டுகளுக்குள் அது நொடித்துப் போயிற்று. 1930இல் அரசாங்கம் அதனை ஏற்றது. 1936இல் அதற்கு அகில இந்திய வானொலி என்னும் பெயர் சூட்டப்பட்டது. உரிமையாளர் ஒருவரே, அவர் அரசாங்கம். விளம்பரத்துக்கு அங்கே இடமில்லை. எனவே எந்தப் பாடல் நாட்டு மக்களின் செவியை அடைய வேண்டும், எது அடையலாகாது என்று தீர்மானிக்கும் ஆற்றல் ஓர் அமைச்சரின் எழுதுகோலில் அடங்கியிருந்தது. இத்தகைய ஆற்றல் ஒரு மனிதரிடம் சேரும்பொழுது, அவர் நல்லவரா என்பது மட்டும் கேள்வியன்று. அவர் தம் செவியை மட்டும் நம்புகின்றவரா என்பதும் கேள்வியே.

அவர் செய்த நன்மையை முதலிற் சொல்வதே முறை. சமஸ்தானங்கள் மறைந்தமையால் இசைவாணரை ஆதரித்த அரசவைகளும் மறைந்தன. அந்த இடத்தை வானொலியே நிரப்ப வேண்டும் என்று கேஸ்கர் உறுதி பூண்டார். 1952இல் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கிற்று. வடபுலத்துக் கலைஞரைத் தென்னாட்டாரும், தென்னாட்டுக் கலைஞரை வடபுலத்தாரும் வீட்டிலிருந்தே கேட்கும் பேறு அதனால் வாய்த்தது. ரவிசங்கரையும் டி. கே. ஜயராம ஐயரையும் கொண்டு வாத்திய விருந்தம் என்னும் பல்லியக் குழு அமைக்கப்பட்டது. 1954இல் வானொலி இசைவிழா தோன்றிற்று. தேர்வு நடத்திக் கலைஞரைத் தரப்படுத்தும் முறையும் வந்தது. அதனைக் கலைஞர் பலர் எதிர்த்தனரெனினும், எண்ணிறந்த இசைவாணர்க்கு வானொலி சோறிட்டது என்பதை மறுத்தல் இயலாது.

அவருடைய கொள்கையிலே ஒரு கறையும் இருந்தது. வட இந்திய இசை சீரழிந்தமைக்கு அந்நிய ஆட்சியின் புறக்கணிப்பை அவர் காரணமாகக் காட்டினார். அத்துடன் அமையாது, முஸ்லிம் இசைவாணரின் கையில் அது தன் ஆன்மிகத் தன்மையை இழந்தது என்றும் கருதினார். அவ்விசையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வளர்த்த குடும்பங்களுட் பல முஸ்லிம் குடும்பங்களே. இதனை நோக்குமிடத்து, தூய்மை வேட்கை எத்துணை எளிதில் நன்றி மறத்தலாக மாறிவிடுகிறது என்பது புலனாகின்றது.

1952ஆம் ஆண்டிலேயே திரைப்பாடல்மீது அவர் பார்வை திரும்பிற்று. அப்பாடல்கள் மேனாட்டு மெட்டுக்களின் போலி என்பதும், இளையோரின் சுவையைக் கெடுப்பன என்பதும் அவர் எண்ணம். வானொலியில் அவற்றுக்குரிய நேரம் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. பாடல்கள் ஆராய்ந்து பொறுக்கப்பட்டன. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கூறி, பாடியவர் பெயரை மட்டும் அறிவிக்குமாறு பணிக்கப்பட்டது. படத் தயாரிப்பாளர் சினங்கொண்டு, தம் பாடல்களை ஒலிபரப்பும் உரிமையையே திரும்பப் பெற்றுக்கொண்டனர். சில மாதங்களுள் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. அமைச்சர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. வெற்றிடத்தை மெல்லிசை கொண்டு நிரப்பிவிடலாம் என்று அவர் நம்பினார்.

ஆயினும் வானொலிப் பெட்டியில் ஒரு குமிழ் இருக்கின்றதே! அதைத் திருப்புவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

அந்தக் குமிழ் எத்திசை நோக்கித் திரும்பியது என்பதை அறியக் கொழும்புக்கு வருவோம். இலங்கையில் ஒலிபரப்பு 1925இலேயே முறையாகத் தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, தென்கிழக்காசியப் படைகளுக்கென மௌண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் இங்கே ஒரு நிலையம் நடத்திற்று. அதற்கென அமைந்த ஆற்றல் மிக்க சிற்றலை அஞ்சற் கருவி, போருக்குப் பின் இலங்கைக்கு உரியதாயிற்று. 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயர் வந்தது. 1950 செப்டம்பர் 30இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. அதனைச் சீர்ப்படுத்துதற்குக் கொழும்புத் திட்டத்தின்கீழ் அவுஸ்திரேலிய நாட்டினின்றும் கிளிஃபோர்ட் டொட் என்பவர் வந்து சேர்ந்தார்.

அவுஸ்திரேலியாவிலிருந்து அவர் வந்தமை பொருத்தமே. அந்நாட்டில் இருவகை வானொலி நெடுங்காலமாக அருகருகே இயங்கி வந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் தேசிய நிலையங்கள் ஒருபுறம். விளம்பர வருவாயில் வாழும் தனியார் நிலையங்கள் மறுபுறம். பின்னவற்றுட் பலவற்றைப் பத்திரிகை முதலாளிகளே உடைமையாகக் கொண்டிருந்தனர். நேயர் நீங்கினால் விளம்பரம் நீங்கும். விளம்பரம் நீங்கினால் நிலையம் மூடப்படும். ஆதலால் நேயரின் விருப்பத்தை நாள்தோறும் அறிந்து நிகழ்ச்சி வகுப்பது அந்நிலையங்களுக்கு உயிர்த்தொழில். அத்தொழிலையே டொட் இங்கே பயிற்றினார். இளைஞரைத் தேர்ந்தெடுத்து, ஒலிவாங்கியின் முன்னே உரத்துப் பேசாமல், அண்டை வீட்டாரோடு உரையாடுவதுபோற் பேசப் பழக்கினார்.

கேஸ்கரின் ஆணை பிறந்த காலமும் கொழும்பின் ஆயத்தமும் ஒன்றுபட்டன. இந்திய வானொலியில் விளம்பரஞ் செய்ய வழியில்லாத வணிகர் கொழும்பை நாடினர். 1952 டிசம்பரில் பினாக்கா பற்பசையின் பெயரால் இந்திப் பாடல் வரிசை நிகழ்ச்சி ஒன்று தொடங்கிற்று. அமீன் சயானி பம்பாயில் அதனைப் பதிவு செய்ய, ஒலிநாடா கொழும்புக்கு வந்து, இங்கிருந்து இந்தியா முழுதும் பரவிற்று. தமிழ்ப் பிரிவில் எஸ். பி. மயில்வாகனன் வர்த்தக ஒலிபரப்பின் முதல் அறிவிப்பாளராக விளங்கினார். அவர் குரல் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் எவ்வளவு பழக்கமோ, அவ்வளவு மதுரைக்கும் தஞ்சைக்கும் பழக்கமாயிற்று. இலங்கைத் தமிழின் உச்சரிப்பைத் தமிழகத்தார் விரும்பிக் கேட்ட காலம் அது. நம் நாட்டு அறிவிப்பாளர் பெற்ற அப்புகழுக்கு, அறியாமலே வழிசமைத்தவர் டில்லியிலிருந்த ஓர் அமைச்சர். இந்தியாவில் பத்து வானொலிப் பெட்டிகளுள் ஒன்பது கொழும்பையே பாடுகின்றன, பத்தாவது பழுதுற்றுக் கிடக்கின்றது என்றொரு வேடிக்கைப் பேச்சும் அக்காலத்தில் வழங்கிற்று.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். இலங்கை வானொலியும் அரசாங்கத்தின் உடைமையே. உடைமையால் இரண்டும் ஒன்று. எனினும் ஒன்றை மக்கள் நாடினர், மற்றதை நீங்கினர். வேறுபாடு உரிமையாளர் யார் என்பதிலன்று, அவர் யாருடைய குரலுக்குச் செவிசாய்த்தார் என்பதிலேதான் இருந்தது.

ஆனால் கேஸ்கரின் அச்சம் முற்றும் வீணானது என்று சொல்லிவிடவும் முடியாது. விளம்பரம் கொடுப்பவனே நிகழ்ச்சியின் தலைவனாகும் ஆபத்து என்றும் உண்டு. டொட்டின் தாயகமாகிய அவுஸ்திரேலியாவிலேயே அது பின்னர் வெளிப்பட்டது. 1967க்குப் பின் அங்கே நேயரின் தொலைபேசிப் பேச்சை நேரே ஒலிபரப்பும் உரையாடல் நிகழ்ச்சிகள் பெருகின. 1999இல், சிட்னி நகரத்துப் புகழ்பெற்ற உரையாளர், வங்கி முதலிய நிறுவனங்களிடம் பணம் பெற்று, அதனை நேயருக்கு மறைத்து, அந்நிறுவனங்களுக்குச் சார்பாகப் பேசிய செய்தி அம்பலமாயிற்று. அரசின் ஒலிபரப்பு அதிகார சபை விசாரணை நடத்திற்று. நேயரின் நம்பிக்கையையும் விலைக்கு விற்கலாம் என்பதற்கு அது சான்று. அமைச்சரின் ஆணை நேயரை மாணவனாக்குகிறது; கட்டற்ற வணிகம் அவனைச் சரக்காக்குகிறது. இரண்டும் அவனை மனிதனாக மதிப்பதில்லை.

கேஸ்கர் பிடிவாதக்காரர் எனினும் உண்மையைக் காணாதவரல்லர். 1957 அக்டோபர் 3ஆம் நாள், அவர் அமைச்சராயிருந்த காலத்திலேயே, விவித பாரதி என்னும் பல்சுவை ஒலிபரப்பு இந்தியாவில் தோன்றிற்று. பம்பாயிலும் சென்னையிலும் இருந்த சிற்றலை நிலையங்களின் வாயிலாகத் திரைப்பாடல்கள் மீண்டும் நாடெங்கும் ஒலித்தன. அடைத்த கையே வாயிலைத் திறந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1967இல், அதில் விளம்பரமும் இடம்பெற்றது. அதே ஆண்டில் இலங்கை வானொலி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று.

மக்களின் கலையைச் செம்மை செய்ய விரும்புவோர் வேறொரு வழியிலும் செல்லலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு நம் வாவிக்கரையிலேயே உண்டு. மட்டக்களப்பு நாட்டுக் கூத்தைப் படித்தோர் இழிவாக எண்ணியிருந்த காலத்தில், பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனைத் தேடி வந்தார். அண்ணாவிமாரைத் தடுத்து வேறு கலை புகுத்த முற்படாமல், அவர்களை ஆசிரியராகக் கொண்டார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி, 1960களிற் கர்ணன் போர், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றை மேடையேற்றினார். ஊரின் கலை ஊரின் கலையாகவே நின்று உயர்ந்தது. சுவையை வளர்க்க விழைவோன் முதலிற் சுவைப்போன் அருகே சென்று அமர வேண்டும் என்பதை அப்பணி காட்டிற்று. கேஸ்கரிடம் இசையறிவு இருந்தது, நாட்டுப்பற்று இருந்தது, அதிகாரமும் இருந்தது; அந்த அமர்தல் ஒன்றே இல்லாதிருந்தது.

1962இல் அமைச்சுப் பதவியினின்று நீங்கிய கேஸ்கர், தேசிய புத்தக நிறுவனத்தின் தலைவராகி 1973 வரை பணியாற்றினார். 1967இல் இந்திய இசையின் சிக்கல்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். ஒரு மொழியின் நல்ல நூல்களைப் பிற மொழிகளிற் பெயர்த்து மலிவு விலையில் வழங்கும் தொண்டு அந்நிறுவனத்தில் அவர் காலத்தில் வளர்ந்தது. 1972இல் புது டில்லியில் முதலாவது உலகப் புத்தகக் கண்காட்சியும் நடந்தேறியது. அங்கே அவர் எந்த நூலையும் தடுக்கவில்லை. நல்ல நூலை எளிதிற் கிடைக்கச் செய்தார். வானொலியில் வாய்க்காத வெற்றி புத்தகத்தில் வாய்த்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

1984இல் அவர் மறைந்தார். தேசிய இசை நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த சங்கீத அபிமானிகள் அவரை நன்றியோடு நினைப்பர். கொழும்பின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தோர் புன்முறுவலோடு நினைப்பர். இருவர் நினைவும் நேரியதே. இளையோரின் சுவை கெடுகின்றதென்று கவலையுறும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இவ்விரண்டையும் சேர்த்தே கற்றல் நன்று.