இருண்ட மாதங்களில் வீரமாமுனிவர்

கடலூர், சிதம்பரம் பக்கத்து மக்களாகிய நமக்குத் திருவருகைக் காலம் என்றால் ஊதாத் திருவுடையும் மெழுகுதிரியும் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. கார்த்திகை பிறந்ததுமே வானத்தைப் பார்க்கிறோம். வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று விசாரிக்கிறோம். 2004 டிசம்பர் 26, பாலன் பிறப்பு விழாவின் மறுநாள் காலையில், தேவனாம்பட்டினத்திலும் கிள்ளைக் கரையிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 மழையில் வயலும் வீடும் மூழ்கின. குடில் கட்டும் நாட்களே நமக்கு அச்சத்தின் நாட்களாகவும் அமைந்துவிட்டன. ஆகவே இந்த யூபிலி மலரில், நம் பக்கத்து மண்ணிலேயே இருண்ட காலங்களைக் கண்ட ஒரு குருவானவரை நினைவுகூர விரும்புகிறோம்.

கொன்ஸ்தான்சு சோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான். 1698இல் சேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு மதுரை மிஷனை அடைந்தார். வந்த சில ஆண்டுகளிலேயே, 1714-15இல், வேதகலாபனை மூண்டது. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, மயிரிழையில் உயிர் தப்பினார்.

அப்போது அவருக்கு வயது 34. தாய்நாடு திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ இங்கேயே தங்கி, தமிழ் படிக்க உட்கார்ந்தார்! சாவின் வாயிலிலிருந்து மீண்ட ஒருவர் நன்னூலையும் குறளையும் கையில் எடுப்பதை நாம் எளிதாகக் கடந்துபோகிறோம். நாளை என்று ஒன்று உண்டு என நம்புகிறவனே இலக்கணம் படிப்பான். சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் கற்றார் என்பர்.

அந்தப் படிப்பின் கனிதான் தேம்பாவணி: மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். குருமடத்தில் இந்தக் கணக்கைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே தவிர, நூலைப் படித்தோமில்லை. தானே புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாத இரவுகளில்தான், மெழுகுதிரி வெளிச்சத்தில், எகிப்துப் பயணத்தை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தோம். காப்பியத்தின் நாயகர் புனித சூசையப்பர். நற்செய்தி நூல்களில் அவர் பேசிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. வானதூதர் அவருக்குச் சொன்னதெல்லாம் உறக்கத்தில், கனவில். அவர் எழுகிறார், குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு அந்த இரவிலேயே புறப்படுகிறார். எங்கே தங்குவது, எப்போது திரும்புவது என்று அவருக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. கூரை இழந்து பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த நம் பங்கு மக்களை எண்ணிக்கொண்டே படித்ததால், அந்தப் பகுதி நமக்கு வெறும் இலக்கியமாகத் தோன்றவில்லை.

இந்த நூலை விருத்தாசலம் அருகே உள்ள கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னைக்கு முனிவர் காணிக்கையாக்கினார் என்பது மரபு. கோணான்குப்பம் இன்று நம் கடலூர் மாவட்டத்து ஊர். அன்னைக்குத் தமிழ்ப் பெண்ணின் உடையில் திருவுருவம் அமைத்ததும் அவரே. முகாசாபரூர்க் கச்சிராயர் குடும்பத்தோடு சேர்த்து அங்கே சொல்லப்படும் புதுமைகளை நம் பாட்டிமார் நம்மைவிட நன்றாகவே சொல்வார்கள், இங்கு விரிக்கவில்லை. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் அவர் எழுப்பிய ஆலயத்துக்கு அடைக்கல அன்னை என்று பெயர். ஓடி வந்தவர்களுக்கு அது ஒதுங்கிடமாயிற்று. அந்த ஊரைத் தொட்டு வரும் தண்ணீர்தான் சிதம்பரத்துக்குத் தெற்கே கடலில் சேர்கிறது.

தொன்னூல் விளக்கம் 1730இல் முடிந்தது, சதுரகராதி 1732இல். வேதியர் ஒழுக்கம், பரமார்த்த குரு கதை ஆகியவற்றையும் அவர் எழுதினார்.

முதுமையிலும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. 1741இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்து, அவரை மதித்த சந்தா சாகிபைச் சிறைகொண்டு போனார்கள். தாம் கட்டிய ஆலயங்களை விட்டு முனிவர் தெற்கே செல்ல நேர்ந்தது. கடைசியில் கேரளத்து அம்பழக்காட்டில், 1747 பிப்ரவரி 4ஆம் நாள், தம் 66ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 54 ஆண்டுகளுக்கு முன், இதே பிப்ரவரி 4 அன்றுதான் அர்ச். அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார்.

தை பிறந்து, மழை ஓய்ந்து, பாதைகள் காய்ந்ததும் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் கொடி ஏறுகிறது. நம் பங்கிலிருந்தும் ஆண்டுதோறும் வேன் போகிறது.